தையல் போட்ட டப்பா

டப்பா தையல் பிரியாமல் திரும்பி வந்திருந்தது. எல்லாக் குழப்பமும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

இரண்டு ஆட்கள் மலைமேல் ஒரு ராத்திரி முழுக்க மழையில் விறைத்துக் கிடந்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் கால்விரல் மூன்றை எடுத்துவிட்டார்கள். இன்னொருவன் இரண்டு கையிலும் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்த நெருப்பு டப்பா மட்டும் கெட்டித் தையலோடு அப்படியே என் மேஜைமேல் இருந்தது. உள்ளே தீக்குச்சி இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, பிசின் கட்டை இருக்கிறது, ரப்பர்த் துண்டு இருக்கிறது. திறந்திருந்தால் நெருப்பு. ஏன் திறக்கவில்லை என்று ஊர் முழுக்கக் கேட்டது. நானும் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது யோசிக்கவில்லை.

நான் லைன் ஆபீசில் ஸ்டோர் குமாஸ்தா. மலை முகட்டில் போகிற மின்கம்பிகளைப் பார்த்துவர ஆட்கள் இரண்டிரண்டு பேராகக் கிளம்புவார்கள். கோபுரம் கோபுரமாக நடந்து, கம்பியில் கிளை விழுந்திருக்கிறதா, கம்பியைத் தாங்குகிற பீங்கான் உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்புவார்கள். அவர்களுக்குக் கயிறு, குறடு, கையுறை எல்லாம் எடுத்துக் கொடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவது என் வேலை. குடியிருப்பு ஆபீசுக்குப் பின்னாலேயே. பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையில், ஒரே தகரக் கூரையின் கீழே. பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் நம் வீட்டில் குனிந்து தேட வேண்டியதுதான், சுவர் அவ்வளவு மெல்லிசு.

என் பக்கத்து வீடு நெட்டையுடையது. ஆள் கதவு நிலைக்குக் குனிந்துதான் நுழைவான். அவனோடு எப்போதும் ஜோடியாகப் போகிறவன் தோள் உயரம்கூட வரமாட்டான், அதனால் அவன் குட்டை. இருவரும் சேர்ந்து நடந்துவந்தால் குடியிருப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் சிரிப்பார்கள். பத்து வருஷமாகச் சிரித்தும் அலுக்கவில்லை. நெட்டையின் மனைவி தையல்காரி. ஆபீசுக்கு யூனிபாரம், குடியிருப்புக்கு உள்பாவாடை, ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை என்று எல்லாம் அவள் மெஷினில்தான். அவள் போட்ட தையல் பிரிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவளுக்கு அதில் கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதான்.

ஆபீஸ் கொடுக்கிற நெருப்புச் சாமான் ஒரு தீப்பெட்டி, ஒரு மெழுகுவர்த்தி. முதல் வளைவு தாண்டுவதற்குள் தீப்பெட்டி ஊறிக் கூழாகிவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் புத்திக்கு எட்டியபடி ஒரு டப்பா தயார் பண்ணிக் கொடுப்பார்கள். டிரைவர் வீட்டு டப்பாவில் டீசலில் நனைத்த துணி இருக்கும், அந்த வாடை ரொட்டியிலும் ஏறி மூன்று நாளும் டீசலைத் தின்றோம் என்று ஆட்கள் திட்டுவார்கள். பம்ப் ஆபரேட்டர் வீட்டில் லைட்டர் ஒன்றே போதும் என்கிற கட்சி. தையல்காரி மட்டும் ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று நாலு விதமாக வைப்பாள். கால் வெடிப்புக்குத் தடவுகிற பெட்ரோலியம் ஜெல்லியில் பிசைந்த பஞ்சு உருண்டை, பிசின் ஊறிய கட்டையைச் சீவிய சீவல், சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர்த் துண்டு, மெழுகில் தோய்த்த தீக்குச்சி.

எந்த டப்பாவானாலும் நான் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே போகலாம். சோதனை என்றால் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைப்பது. பிறகு திறந்து ஒரு குச்சி கிழிப்பேன். பற்றினால் 'நீர் புகாது' என்று முத்திரை.

நெட்டைக்குச் சிகரெட் பழக்கம். மலைக்குப் போகும்போதெல்லாம் அவனுடைய தீப்பெட்டி நனைந்துபோகும், கை தானாக டப்பாவுக்குப் போகும். இருபது குச்சியோடு போன டப்பா பதினாலோடு வரும். கேட்டால், ஈரம் ஏறியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன் என்பான். ஒரு தடவை மேலே போனால் ஆறு தடவை சோதனையா என்று அவள் கேட்பாள். ஒருமுறை இரண்டே குச்சியோடு திரும்பி வந்தான். அன்றைக்கு வேறு ஏதாவது ஆகியிருந்தால் என்ன பண்ணியிருப்பீர்கள் என்று அவள் போட்ட சண்டை எங்கள் வீட்டுத் தட்டு முட்டுச் சாமானையெல்லாம் அதிர வைத்தது.

அடுத்த முறை டப்பா வேறு மாதிரி வந்தது. மெழுகு பூசிய கித்தான் துணியால் டப்பாவைச் சுற்றி, மெழுகேற்றிய இரட்டை நூலால் விளிம்பு முழுக்கத் தைத்திருந்தாள். நூல் நுனி வெளியே தெரியாமல் ஒரு மூலையில் உள்ளே மடித்து முடிந்திருந்தது.

"இப்ப எடுங்க பார்ப்போம்," என்றாள் அவனிடம், என் கவுன்டருக்கு முன்னால் வைத்தே.

"ராட்சசி," என்று சொல்லிச் சிரித்தான் நெட்டை. குட்டை அவன் முதுகில் தட்டினான். வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். பெரிய கத்தரிக்கோலை எடுத்துத் தையலை வெட்டித் திறந்தேன். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. குச்சி ஒரே கிழியில் பற்றியது. எனக்கே சந்தோஷம். இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடமும் காட்டினேன். அவள் அங்கேயே உட்கார்ந்து திரும்பத் தைத்துக் கொடுத்தாள். முத்திரை குத்தினேன்.

அது நடந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும். அந்தத் தையலைப் பிரிக்க வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

வந்த அன்றைக்கு நடந்ததில் தெரிந்தது கொஞ்சம்தான். இருவரும் பதினெட்டாவது கோபுரத்துக்கிட்டே இருக்கும்போது இடி இறங்கியிருக்கிறது. இடி நேரத்தில் இரும்பு உடம்பில் இருக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. கத்தி, குறடு, ஸ்பேனர் எல்லாம் போட்ட பையைக் கோபுரத்தின் அடியில் வைத்துவிட்டுச் சரிவில் இறங்கி ஓடியிருக்கிறார்கள். பின்னாலேயே மூடுபனி. கோபுரமும் தெரியவில்லை, பையும் தெரியவில்லை. இறங்கும் வழியில் குட்டை ஓடைக்குள் சறுக்கி இடுப்பளவு நனைந்துவிட்டான். கணுக்காலும் பிசகிவிட்டது. நெட்டை அவனைத் தூக்கி ஒரு பாறைக் குடைவுக்குள் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான். மறுநாள் காலையில் தேடிப்போனவர்கள் பார்த்தபோது, குட்டை மேல் இரண்டு கோட்டு இருந்தது. நெட்டை வெறும் சட்டையோடு, காலை நீட்டிச் சாய்ந்து, வெயில் காய்கிறவன்போல உட்கார்ந்திருந்தானாம். சுற்றிலும் சாம்பல் என்று ஒரு துளிகூட இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நெட்டையை வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்கப் போனேன். அவனால் எதையும் பிடிக்க முடியாது என்பதால், தையல்காரி அவித்த உருளைக்கிழங்கை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மேலுதடு வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று நுனி உடைந்திருந்தது. எப்படி உடைந்தது என்று கேட்டேன். எங்கேயாவது விழுந்திருப்பேன் என்றான்.

"நெருப்பு போட்டேன் அண்ணே," என்றான் திடீரென்று.

"எதை வச்சு?"

"டப்பாவை வச்சுத்தான்."

"தையல் பிரியலையேப்பா. என் மேஜையிலதான் இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். பொய் சொல்கிறவன் பார்வை இல்லை அது. கணக்கு தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பள்ளிக்கூடப் பிள்ளை பார்க்கிற பார்வை.

"போட்டேனே. முகமெல்லாம் சுட்டுச்சே. வேர்த்துப்போய்த்தான் கோட்டையே கழட்டினேன்."

தையல்காரி ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். "எத்தனை குச்சி கிழிச்சீங்க?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டதும் அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் வெளியே வந்து என்னிடம் மெல்லச் சொன்னாள், இவர் எதையோ மறைக்கிறார் அண்ணே, பதினாறு வருஷம் கூட இருக்கிறேன், மறைக்கிறபோது இவர் கழுத்து எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா என்று.

டாக்டரைக் கேட்டேன். குளிர் எல்லை மீறினால் மூளை மந்தமாகிவிடும், உடம்பு கொதிக்கிற மாதிரி இருக்கும், ஆட்கள் தாமாகவே துணியைக் கழற்றுவதுண்டு என்றார். அப்படியானால் நெருப்பு கனவு. கோட்டு? நண்பனைப் போர்த்தக் கழற்றினானா, வேர்க்கிறது என்று கழற்றிப் போட்டது அவன்மேல் விழுந்ததா? புத்தி மங்குவதற்கு முன்னால், நல்ல நினைவோடு இருந்தபோதே ஏன் டப்பாவைத் திறக்கவில்லை? இதற்கெல்லாம் அவரிடம் மருந்து இல்லை.

இஞ்சினியருக்குக் குழப்பமே இல்லை. புதிதாக வந்தவர், எதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். 'சாதனம் கையில் இருந்தும் பயன்படுத்தவில்லை' என்று எழுதி வைத்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை விசாரணை, அதில் இது உறுதியாக வேண்டும், அவ்வளவுதான். டப்பாவை என் இரும்பு அலமாரியில் பூட்டச் சொன்னார். அந்த வாக்கியம் நின்றுவிட்டால் நெட்டையோடு இனி எவனும் மலையேற மாட்டான். குட்டையின் மூன்று விரலும் அவன் கழுத்தில்தான் தொங்கும். இப்போதே தண்ணீர்க் குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய் உட்கார்ந்துவிட்டான் என்றார்கள். சோம்பேறித்தனம் என்றார்கள்.

தையல்காரிக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. டப்பாவில் கோளாறு என்று காட்டிவிட்டால் அவன் தப்பித்துவிடுவான். நனைந்தால் இந்தச் சாமான் எரியாது, அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் திறக்கவில்லை என்று சொல்லலாம். அதே மாதிரி இன்னொரு டப்பா தயார் பண்ணி, பின்பக்கம் துணி துவைக்கிற கல்மேல் வைத்து, மதியம் பெய்த மழையிலேயே சோதிக்க ஆரம்பித்தாள். குடியிருப்பே வந்து கூடிவிட்டது. நம் ஆட்களுக்கு நெருப்பென்றால் போதும், ஆளுக்கொரு யோசனை.

பஞ்சு உருண்டையை முதலில் பிய்த்து வைத்தாள். மழையிலும் அது நாலு நிமிஷம் நின்று எரிந்தது. டிரைவர் சபாஷ் என்றார். அவள் முகம் வாடியது. பஞ்சைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து வைத்தாள். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அதுவும் எரிந்தது. பிசின் சீவல் கரும்புகையோடு சடசடவென்று பிடித்துக்கொண்டது. ரப்பர்த் துண்டு அணைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. பம்ப் ஆபரேட்டரின் லைட்டர்தான் நனைந்ததும் சக்கரம் வழுக்கிச் செத்துப்போனது, ஆனால் அது அவள் டப்பாவில் இல்லையே. காய்ந்த புல்லையும், மெஷினடியில் கூட்டி எடுத்த நூல் பிசிறையும்கூட வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்று பற்றும்போதும் கூட்டம் பாராட்டியது. தான் செய்த சாமான் இவ்வளவு நன்றாக எரிகிறதே என்று வயிறெரிந்து நின்ற ஒரே பொம்பளை உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

"எரியக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் அண்ணே," என்றாள் என்னிடம். "எல்லாம் எரியுது. இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

சாமான் நல்லது. தையல் நல்லது. ஆள் நல்லவன். மூன்றையும் கூட்டினால் விடை எப்படித் தப்பாக வருகிறது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குட்டையின் மனைவி வந்தாள். அவளுக்குக் குளிர்க்கிடங்கில் வேலை, ஐஸ் அறைக்குள் நின்று மீன் பெட்டி அடுக்குவது. ஷிப்ட் முடிந்த கையோடு நேரே வந்திருந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சண்டை நடந்தால் விலக்கலாம் என்று நானும் எழுந்து போனேன். உள்ளறையில் நெட்டை மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்டுக்காரர் பையிலயே நெருப்பு இருந்திருக்கு அக்கா," என்றாள் நின்றபடியே. "எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நடுங்கிக்கிட்டுக் கிடந்திருக்கார். எடுத்துப் பத்த வைக்க என்ன கேடு? எனக்கு அது மட்டும் தெரியணும். நான் ஊர்ல பேச வரலை. உங்ககிட்டதான் கேக்கறேன்."

"எனக்கும் தெரியலைம்மா," என்றாள் தையல்காரி. "தெரிஞ்சா உனக்குத்தான் முதல்ல வந்து சொல்லியிருப்பேன்."

"இவரைக் கேட்டா, ரெண்டு பேரும் கை காய்ஞ்சோம்ங்கறார். உளர்றாரா, கூட்டாளியைக் காப்பாத்தறாரான்னு புரியலை. காலைப் பாத்துப் பாத்து அழறார். கோபுரம் ஏற முடியாதுல்ல இனிமே."

தையல்காரி எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். குட்டையின் மனைவி உட்கார்ந்து கோட்டைக் கழற்றினாள். விரலால் தொடவில்லை. முன்பக்கத்து வளையத்துக்குள் மணிக்கட்டைக் கொடுத்து இழுத்தாள், கோட்டு திறந்துகொண்டது. தேநீர்க் கிளாசையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்கினாள். அப்படியும் வழுக்கித் தரையில் விழுந்து உடைந்தது.

"மன்னிச்சுக்குங்க அக்கா. வேலை விட்டு வந்து ஒரு மணி நேரத்துக்கு இது என் கையே இல்ல. வீட்டுப் பூட்டைப் பக்கத்து வீட்டுக்காரங்கதான் திறந்துவிடுவாங்க."

தையல்காரி துடைக்கத் துணி எடுக்கவில்லை. உடைந்த கிளாசையும் பார்க்கவில்லை. வந்தவள் மடியில் கிடந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் இந்தக் கோட்டுக்குப் பட்டனை எடுத்துட்டுத் துணி வளையம் வைக்கச் சொன்னே. எதுக்கு?"

"பட்டன் போட வரலைன்னுதான். நீங்கதானே தச்சுக் கொடுத்தீங்க."

"ஆமா. நான்தான் தச்சேன்," என்றாள் தையல்காரி. அந்தக் குரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையில் ஸ்டோரைத் திறக்கும்போதே வாசலில் நின்றாள். டப்பாவைத் திறக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்றாள். விதிப்படி காட்டக் கூடாது. விதியைப் பார்த்துப் பார்த்து முத்திரை குத்தியவன்தானே நான் என்று அலமாரியைத் திறந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூடியைப் பார்க்கவில்லை. நேரே ஒரு மூலைக்குப் போனாள்.

"பிரிக்கணும்னா நூல் நுனி வேணும். நுனியை இந்த மூலையிலதான் உள்ள மடிச்சு முடிஞ்சேன். அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்."

அந்த மூலையில் கித்தான் கசங்கிச் சொரசொரப்பாக இருந்தது. நான் அதை முன்பே பார்த்திருந்தேன், பாறையில் உரசியது என்று நினைத்தேன். அவள் விரலால் தடவினாள். மேலே ஒரு வரிசைப் பள்ளம், வளைவாக. கீழே ஒரு வரிசை. ஒரு தரமல்ல, பல தரம், ஒன்றின்மேல் ஒன்றாக, மெழுகு பெயர்ந்து இழை இழையாக வந்திருந்தது. அவள் டப்பாவைத் தன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நூலுக்கும் துணிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு துணுக்கு மாட்டியிருந்தது. மெழுகாக இருக்கும் என்றேன். அவள் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அதைக் கிளறி உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள்.

"மெழுகுன்னா நகம் பட்டா நசுங்கும் அண்ணே," என்றாள். "இது நசுங்கலை."

சாக்குமேல் உட்கார்ந்துவிட்டாள். நெட்டையின் உடைந்த பல் என் கண்முன்னால் வந்து நின்றது. விரல் மரத்துப்போய்விட்டது, கத்தி கோபுரத்தடியில் கிடக்கிறது, பக்கத்தில் நண்பன் நடுங்குகிறான். மனிதன் வாயால் கடித்திருக்கிறான். எவ்வளவு நேரம் கடித்தானோ. பல் போயிற்று, தையல் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது. வாளியில் அரை மணி ஊறவைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சூடான கையில் கத்தரிக்கோல் பிடித்து வெட்டித் திறந்து, பிரமாதம் என்று முத்திரை குத்தியவன் நான்.

"அவர் கை எட்டக் கூடாதுன்னு தச்சேன்," என்றாள் அவள். "எட்டலை."

விசாரணைக்கு நெட்டை வரவில்லை, காய்ச்சல். வாக்குமூலத்தை வீட்டிலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். குட்டையின் மனைவி வந்திருந்தாள். தையல்காரி அவளைக் கேட்டுக் குளிர்க்கிடங்கிலிருந்து ஒரு வாளி ஐஸ் கொண்டுவரச் சொல்லியிருந்தாள், எதற்கு என்று சொல்லவில்லை. இஞ்சினியர் தன் ஒரே வாக்கியத்தைப் படித்து முடித்ததும் தையல்காரி எழுந்து, தான் தைத்த இரண்டாவது டப்பாவை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"சார், சாமான் எல்லாம் நல்லாத்தான் எரியுது. அதை நானே பாத்துட்டேன். நீங்க இந்த வாளியில கையை வச்சுட்டு, அப்புறம் இதைத் திறந்து காட்டுங்க. திறந்துட்டீங்கன்னா நீங்க எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

அவர் சிரித்தார். ஆனாலும் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டார். நல்ல மனுஷன்தான், அதைச் சொல்ல வேண்டும். நாலு நிமிஷம் தாக்குப்பிடித்தார். ஐந்தாவது நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். டப்பாவைப் பிடித்தார், விழுந்தது. எடுத்தார், விழுந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையை நகத்தால் கீறிப் பார்த்தார், விரல் எங்கே படுகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் தன்னை அறியாமல் டப்பாவை வாய்க்குக் கொண்டுபோனார். பல் படுவதற்குள் அப்படியே நின்றுவிட்டார்.

அப்போது தையல்காரி அந்தப் பழைய டப்பாவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்து மூலையைக் காட்டினாள். துணுக்கையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கத்தரிக்கோல் சமாசாரத்தை நான் எழுந்து சொன்னேன். இஞ்சினியர் வெகுநேரம் கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தன் வாக்கியத்தை அடித்துவிட்டு, 'திறக்க முயன்றும் முடியவில்லை' என்று எழுதினார். கை இன்னும் மரத்திருந்ததால் எழுத்து கோணலாக இருந்தது.

குட்டையின் மனைவி தையல்காரிக்கிட்டே வந்தாள். திட்டுவாளோ என்று நினைத்தேன். திட்டவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. இனிமேல் எந்த டப்பாவானாலும் நான் வேலை விட்டு வருகிற கையால் திறந்து பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும் என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது இன்றைக்கும் நடக்கிறது. இப்போது மூடியில் மணிக்கட்டு நுழைகிற அளவுக்குத் துணி வளையம் இருக்கிறது. குச்சிகளை ஐந்தைந்தாக நூலால் கட்டி, முஷ்டியிலேயே பிடிக்கிற மாதிரி வைக்கிறோம். உரசுகிற பட்டை மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

விசாரணை முடிந்து மூவருமாக நெட்டை வீட்டுக்குப் போனோம். காய்ச்சல் விட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தையல்காரி எதையும் சுற்றி வளைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பல்லைப் பற்றியும் தையலைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள் என்றும் சொன்னாள். அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் காத்திருந்தேன். அவன் குட்டையின் மனைவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"அப்ப நெருப்பு எரியவே இல்லையா?"

"எரியலைங்க," என்றாள் தையல்காரி. "நான் எரிய விடலை."

அவன் தன் கைக்கட்டுகளைக் குனிந்து பார்த்தான். எட்டு நாளாக, நண்பனைத் தான் குளிர் காயவைத்ததாக நம்பிக்கொண்டிருந்தவன். மூன்று விரல் போனாலும் உயிரைக் காப்பாற்றியது அந்த நெருப்புதான் என்று மனசுக்குள் வைத்திருந்தவன். அதையும் நாங்கள் வந்து பிடுங்கிக்கொண்டோம். பிறகு அவன் கழுத்து மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பியது.

"அந்த நெருப்புல ஒரு சிகரெட் பத்த வச்சேன்," என்றான். "உனக்குத் தெரிஞ்சா சண்டை போடுவேன்னு சொல்லாம இருந்தேன்."

தையல்காரி புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தலைப்பை எடுத்தாள்.

"எத்தனை பிடிச்சீங்க?"

"ஒண்ணுதான்," என்றான் நெட்டை. "அதுலயும் பாதியைக் குட்டைக்குக் கொடுத்துட்டேன்."